கூட வந்த பிள்ளையின் பெயர்

போன மாதக் கடைசியோடு ஆய்வுக்கூட வேலையிலிருந்து விலகிவிட்டேன். கணவருக்கு பிலாய் உருக்காலையில் வேலை உறுதியாகிவிட்டது. எனக்கு முப்பது வயதுதான் ஆகிறது. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரி பழைய வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எட்டு வருடம் பார்த்த வேலையைப் பற்றி நாற்பது பக்கம் எழுத எனக்கு உரிமை இருக்கிறது. நான் சில பக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுதத் தூண்டியது என் இடத்துக்கு வந்திருக்கும் ராஜேஸ்வரி. பொறுப்பை ஒப்படைத்த அன்று அலமாரியின் கீழ்த்தட்டில் நோயாளிகளின் பழைய அட்டைகள் அடுக்கிய இரண்டு தகரப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்னக்கா, புள்ளைங்க பேரா எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அதே வாரம்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. இனிமேல் அட்டையிலும் குழாயிலும் எண் மட்டும் போதும். பெயர், உறவு, ஊர் என்று எழுதி இடத்தை அடைக்க வேண்டாம். "அப்ப இத பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை நின்ற நிலையில் சொல்ல முடியவில்லை.

என் பெயர் மங்களம். வரிசையாகப் பிறந்த பெண்களில் நான்காவது. இதோடு மங்களம் பாடியாயிற்று என்று அப்பா வைத்த பெயர். இரண்டு வருடத்தில் ஒரு தங்கை பிறந்தாள். பெயர்கள் நினைத்ததைச் செய்வதில்லை என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் வைத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைப் பெயர் சொல்லிவிடும். என் வேலைக்கு அதுதான் பயன்பட்டது.

சென்னையில் ஒரு வருடம் படித்தேன். இரத்தம், சிறுநீர், மலம், சளி. கண்ணாடிக் குழாய் கழுவுவதிலேயே முதல் மூன்று மாதம் போயிற்று. அறுபத்தொன்றில் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கள் வீடு சிதம்பரம். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவை: ஒரு மைக்ராஸ்கோப், இரத்தத்தைப் பிரிக்கக் கையால் சுற்றுகிற ஒரு சுழலி, ஒரு குளிர்ப்பெட்டி, இரண்டு மேசை, சின்னப்பன் சார்.

சின்னப்பன் சார் தலைமைத் தொழில்நுட்பர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் கண்ணாடியில் எழுதும் சிவப்புப் பென்சில். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாம் எழுதிக் கொடுத்த சீட்டில் தப்பு இருந்தால் அதைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிடுவார். அவ்வளவுதான். என்ன தப்பு என்று நாமே கண்டுபிடித்துத் திருத்தி எடுத்துப் போக வேண்டும். மறுபடியும் கவிழ்ந்தால் மறுபடியும் தேட வேண்டும். ஒரு நாள் ஒரே சீட்டு நான்கு தடவை கவிழ்ந்தது. நான்காவது தடவை, தேதியில் வருடம் போடவில்லை என்று கண்டுபிடித்தேன்.

இரத்தம் எடுப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இது. முதலில் குழாயில் எண். பிறகு நோயாளியின் வாயால் பெயர். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்கக் கூடாது. பயத்தில் யாரானாலும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். அடுத்து கணவர் பெயர். அடுத்து ஊர். மூன்றும் அட்டையோடு ஒத்துப்போனால்தான் ஊசி. ஒரே நாளில் நான்கு லட்சுமிகள் வருகிற ஊரில் இதைத் தவிர வேறு வழி இல்லை.

மூன்றில் நடுவில் இருப்பதுதான் சிக்கல். எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி சுவரில் தொங்கிய முருகன் படத்து காலண்டரைக் காட்டுவாள். ஒருத்தி, "ராத்திரியில மானத்துல வருமே, அது" என்பாள். சந்திரனா என்றால் வெட்கத்தோடு தலையாட்டுவாள். இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால் சார் சீட்டைக் கவிழ்ப்பார். காரணம், நான் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவள் தலையாட்டியிருக்கிறாள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கர்ப்பிணிகள் பெரும்பாலும் மூத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். "ஒங்கப்பா பேரு என்ன?" என்று பிள்ளையைக் கேட்டால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். தாய் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பாள். நான் எழுதிக்கொள்வேன். யார் சொன்னது என்று இல்லாமல் தகவல் எழுதக் கூடாது என்பது சாரின் இன்னொரு விதி. ஆகவே கடைசி வரியில், "சொன்னது: மகன் ஆறுமுகம், வயது 5" என்று சேர்ப்பேன். கூட வந்த பிள்ளைகளின் பெயர்கள் எங்கள் அட்டைகளில் ஏறியது இப்படித்தான்.

ஆர்.ஹெச். பரிசோதனை பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சில பெண்களின் இரத்தத்தில் ஒரு பொருள் இருக்காது. அவர்களை நெகடிவ் என்போம். தகப்பன் வழியாக அந்தப் பொருள் வயிற்றுப் பிள்ளைக்கு வந்துவிட்டால், தாயின் உடம்பு அதை வெளி ஆளாக நினைத்து எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வருகிற பிள்ளைகள் பிறந்த அன்றே மஞ்சளாகி இரண்டு மூன்று நாளில் போய்விடும். தாய் நெகடிவா என்று பார்க்க ஒரு மருந்துத் துளி வேண்டும். அது சென்னையிலிருந்து பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்கில் ரயிலில் வரும். விரல் அளவு சீசா. ஒன்று வந்தால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அதனால் எல்லாருக்கும் பார்க்க முடியாது. முன்னால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு மட்டும் என்று பிரசவ வார்டு டாக்டரம்மா ஒரு கோடு போட்டிருந்தார்.

பறிகொடுத்ததை யார் சொல்வார்கள்? வயிற்றில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு செத்த பிள்ளைகளை எண்ணக் கூடாது. எண்ணினால் எண்ணிக்கையில் இதுவும் சேர்ந்துவிடும். அட்டை எழுதுகிற நர்ஸ் எத்தனாவது பிரசவம் என்று கேட்டால், உயிரோடு இருக்கிற பிள்ளையோடு ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். கூட வருகிற மாமியார், "ரெண்டாவது" என்பார். நர்ஸ் இரண்டாவது என்று எழுதுவாள். அட்டை எங்களிடம் வரும்போது அந்தப் பெண் எந்த ஆபத்தும் இல்லாதவள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தேவனாம்பட்டினத்திலிருந்து செல்லக்கண்ணு என்று ஒரு பெண் வந்தாள். இரண்டாவது பிரசவம் என்று அட்டை. குழந்தை சாயங்காலத்துக்குள் மஞ்சளானது. மறுநாள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தாயின் இரத்தத்தைப் பார்த்தோம். நெகடிவ். முன்னாலேயே இரண்டு பிள்ளைகள் அதேபோல் போயிருந்தார்கள் என்பது அவள் அம்மா அழுத அழுகையில் தெரிந்தது. அட்டையைக் கட்டி வைக்கப்போகும்போது கடைசி வரியைப் பார்த்தேன். என் கையெழுத்து. "சொன்னது: மகன் குப்பன், வயது 4."

பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்ததும் குப்பை மேட்டில் போட்டு எடுப்பார்கள். குப்பன், குப்பம்மாள் என்று பேர் வைப்பார்கள். இது யாருக்கும் வேண்டாத பொருள் என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவது. எனக்கு இது தெரியாதா? எங்கள் தெருவிலேயே இரண்டு குப்பம்மாள்கள் இருக்கிறார்கள். தெரிந்தும், என் கையாலேயே எழுதியும், நான் படிக்கவில்லை.

அன்றைக்கு ஒரு பட்டியல் எழுதினேன். குப்பன், குப்பம்மாள்: குப்பையில் போட்டு எடுத்தது. தவிட்டான், தவிட்டம்மாள்: பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திருப்பி வாங்கியது. பிச்சை, பிச்சையம்மாள்: பிச்சை எடுத்துக் கிடைத்தது. மூக்கன்: ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி அடையாளம் மாற்றியது. இவை முதல் பட்டியல். போதும்பொண்ணு, வேண்டாம்மா, என் பெயர் ஆகியவை வேறு பட்டியல். அவை பெண்கள் அதிகம் என்பதைச் சொல்லுமே தவிர சாவைச் சொல்லாது. அவற்றுக்கு மருந்து செலவழிக்க வேண்டாம். முதல் பட்டியலில் இருக்கிற பெயர் அட்டையின் கடைசி வரியில் வந்தால் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தத் தாய்க்கு ஒரு துளி.

சாரிடம் கொண்டுபோனேன். படித்தார். கவிழ்த்து வைத்தார்.

"என்ன தப்பு சார்?" என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"பேர வச்சு ரத்தம் பாக்கறதுக்கு ஜோசியம்னு பேரு. அதுக்குக் கோயில் வாசல்ல ஆள் இருக்கான். பேரும் எண்ணு மாதிரிதான். இது அது இல்லன்னு பிரிச்சுக் காட்ட. அதுக்கு மேல அதுல ஒண்ணும் கெடையாது."

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். அதனால் சாரும் தடுக்கவில்லை. புள்ளி வைத்த அட்டைகளை மட்டும் விரல் நுனியால் தள்ளுவார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். புள்ளி வைத்தவர்களில் பெரும்பாலோர் நெகடிவ் இல்லை. அவர்கள் பிள்ளைகள் பேதியிலும் ஜன்னியிலும் போனவர்கள். ஆனாலும் இரண்டு பேர் கிடைத்தார்கள். முன்கூட்டித் தெரிந்ததால் இருவரையும் சென்னைக்கு அனுப்ப முடிந்தது. எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது.

அதைக் குறைத்தவர் கம்பவுண்டர் ஹனீபா பாய். மருந்து வாங்க வருகிற கூட்டத்தை வரிசையில் நிறுத்தவே அவருக்குத் தொண்டை போய்விடும். மிச்சத்தில் எங்களைக் கிண்டல் செய்வார். ஒரு மத்தியானம் டிபன் டப்பாவோடு வந்தவர் சுவரில் ஒட்டியிருந்த என் பட்டியலைப் படித்தார்.

"ஏம்மா மங்களம், எங்க ஆளுங்க ஒருத்தரையும் காணோமே? எங்க வூட்டுல புள்ள சாவறது இல்லையா, இல்ல செத்தாலும் பரவால்லியா?"

"உங்க பேருல்லாம் அரபுல இருக்கும் பாய். எனக்கு எங்க அர்த்தம் தெரியும்?"

"கேட்டாத்தான தெரியும்? அப்துல்னா அடிமை. மிஸ்கீன்னா ஏழ. பக்கீர்னா?"

"சாமியாரா?"

"ஆண்டிம்மா. பிச்ச எடுக்கற ஆண்டி. எல்லா பக்கீரும் அப்படி வச்சது கெடையாது, பெரியவங்க பேருன்னும் வைப்பாங்க. ஆனா புள்ள தங்காத வூட்டுல நேர்ச்ச வச்சு, பச்சத் துணி கட்டி, ஏழு வூட்டு வாசல்ல அரிசி வாங்கி வைக்கற பக்கீரும் உண்டு. ஒங்க பிச்சையும் எங்க பக்கீரும் சொந்தக்காரங்க."

ஜன்னலோரம் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்த சார் திரும்பாமலே சொன்னார். "எங்கள்ல பிச்சைமுத்து. அடைக்கலம்."

நானும் பாயும் அவரைப் பார்த்தோம்.

"பாத்துக்கம்மா, ஜோசியம் பாக்க ஆரம்பிச்சுட்டாரு," என்றார் பாய். "சார், சின்னப்பன்னா என்ன அர்த்தம்? வூட்டுல ரெண்டாவது புள்ளையா?"

"பவுல். வேதத்துல வர்றவர். லத்தீன்ல அந்தப் பேருக்குச் சின்னவர்னு அர்த்தம். இங்க வந்த பாதிரிமாரு அத அப்படியே தமிழாக்கிட்டாங்க. எங்க அண்ணன் ராயப்பன், அது பேதுரு. தம்பி அருளப்பன், அது யோவான்." குழாயைத் தாங்கியில் வைத்தார். "அர்த்தம் இல்லன்னு நான் சொல்லல. ஆய்வுக்கூடத்துல அதுக்கு வேல இல்லன்னேன்."

நான் டப்பாவை மூடிவிட்டு அட்டைகளை எடுத்தேன். கடந்த மூன்று மாத அட்டைகள். ஒன்றில் நான் எழுதியிருந்தேன்: மைமூன் பீவி, புவனகிரி, இரண்டாவது பிரசவம். "சொன்னது: மகன் பக்கீர் முகமது, வயது 3." புள்ளி இல்லை. அட்டைப்படி பிரசவத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அடுத்து எப்போது வருவாள் என்று தெரியாது. வலி வந்தபிறகு வந்தால் செல்லக்கண்ணுவுக்கு நடந்ததுதான் நடக்கும். கடிதம் போடலாம், போட்டால் யார் படிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை புவனகிரிக்குப் பஸ் ஏறினேன். சிதம்பரத்திலிருந்து பக்கம்தான். பையில் கொதிக்கவைத்த ஊசி, இரண்டு குழாய், பஞ்சு, ஸ்பிரிட். சாரிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே இரத்தம் எடுக்க எனக்கு அனுமதி கிடையாது.

பள்ளிவாசல் தெருவில் வீடு கிடைத்தது. மைமூனின் மாமியார் ஜைத்தூன் பீவி கதவைப் பாதி திறந்தார்.

"ஆஸ்பத்திரிலேந்து வூடு தேடி வர்றாங்கன்னா நல்ல சேதியா இருக்காதே."

"சேதி ஒண்ணும் இல்லம்மா. ஒரு கேள்விதான். பக்கீருக்கு முன்னால எத்தன புள்ள?"

கேட்டதும் தப்பு என்று தெரிந்தது. அவர் முகம் சாத்திய கதவு மாதிரி ஆயிற்று. "இதான் ரெண்டாவதுன்னு எழுதிக்கிட்டீங்கள்ல? வயித்துப் புள்ளக்காரி உள்ள இருக்கா. எண்ணுற பேச்செல்லாம் வாசல்ல வேணாம்."

உள்ளே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். மைமூன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த கை, பெரிய வயிறு. கணவர் பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வந்து போய் ஏழெட்டு மாதம். பக்கீர் என் பையின் வாரை இழுத்துக்கொண்டிருந்தான். என்ன செய்வது என்று தெரியாமல் அவனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒனக்கு இந்தப் பேரு யாரு வச்சது?"

"நன்னி," என்று பாட்டியைக் காட்டினான்.

"ஏன் இந்தப் பேரு?"

பையன் முழித்தான். ஜைத்தூன் பீவிக்கு வாய் சும்மா இருக்க முடியவில்லை. "அது பெரிய கதம்மா. இவன் பொறந்த அன்னிக்கே நான் பச்சத் துணி வாங்கிட்டேன். இவங்க அத்தா பினாங்குலேந்து, ‘ஏம்மா, நல்ல பேரா வையி, ஆண்டி பேரு எதுக்கு’ன்னு கடுதாசி போடுறான். நான் வுட்ருவனா? ஏழு வூடு. எதுத்த வூட்டுக்காரிக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல, அவ வூட்டுலயும் போயி நின்னேன். அரிசி வாங்கிக் கஞ்சி காச்சி ஊத்தி, பக்கீருன்னு காதுல ஓதச் சொன்னேன். முந்துனது ரெண்டும் பொறந்த மறுநாளே மஞ்சக் கெழங்கு மாதிரி ஆயி..." நிறுத்திக்கொண்டார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "அந்தப் பேருதான் இவன நிறுத்திச்சு. இதுக்கும் ஒரு பேரு எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணும் ஆகாது."

எண்ணச் சொன்னால் வாயை மூடுகிறவர்கள் பெயர் வந்த கதையைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இதை நான் அந்தத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கற்றேன்.

இரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். "நெறமாசக்காரி கையில ஊசியா? பேசாம போயிட்டு வாம்மா," என்றார் ஜைத்தூன் பீவி.

அதுவரை வாயே திறக்காத மைமூன் கையை நீட்டினாள். "குத்துங்க."

"அடியே!"

"மாமி, நீங்க எண்ணாட்டியும் நான் தினம் எண்ணிட்டுதான் இருக்கேன். மொதப் பொண்ணு நல்லாப் பொறந்து, வருசம் திரும்பறதுக்குள்ள அம்மையில போச்சு. அப்பறம் மஞ்சளா ரெண்டு. அப்பறம் இவன். இது அஞ்சாவது." என்னைப் பார்த்தாள். "எழுதிக்கங்க. அஞ்சாவது."

நான் முறைப்படி கேட்டேன்: உங்கள் பெயர் என்ன? சொன்னாள். கணவர் பெயர்? அவள் தலை குனிந்தாள். "அப்துல் ரகுமான்!" என்று பக்கீர் கத்தினான். ஜைத்தூன் பீவிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி போட்டேன். தனக்கும் வேண்டும் என்று பையன் விரலை நீட்டினான். குத்தியதும் தெருவே திரும்பிப் பார்க்க அழுதான். அவன் இரத்தமும் எனக்கு வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை இரண்டு குழாயையும் சாரின் மேசையில் வைத்து, எங்கே, எப்படி எடுத்தேன் என்று ஒரு சீட்டில் எழுதி மேலே வைத்தேன். படித்தார். கவிழ்த்தார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். குளிர்ப்பெட்டியைத் திறந்து சீசாவைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது.

"பேர வச்சுப் போனியா?"

"கதைய வச்சு சார். பேரு கதவத் தட்டத்தான் ஆச்சு."

சீட்டைத் திருப்பி நிமிர்த்தி வைத்தார். "நீ ஒரு தடவ பாரு. நான் ஒரு தடவ பாக்கறேன். ஒருத்தர் பாத்தத இன்னொருத்தர் சொல்லக் கூடாது. தனித்தனியா எழுதி வைப்போம்."

இரண்டு காகிதத்திலும் ஒன்றே இருந்தது. தாய் நெகடிவ். பையனும் நெகடிவ். அவனை நிறுத்தி வைத்தது இதுதான்: தாயிடம் இல்லாத பொருள் அவனிடமும் இல்லை. எதிர்க்கத் தாயின் உடம்புக்கு எதுவும் கிடைக்கவில்லை. வரப்போகிறதும் அவனைப் போல இருந்தால் தப்பும். செத்துப்போன இரண்டைப் போல இருந்தால் பிறந்தவுடன் அதன் இரத்தத்தை எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்ற வேண்டும். டாக்டரம்மா சென்னையில் அதைச் செய்தவர். அடுத்த வாரமே மைமூனை வந்து தங்கச் சொன்னார். சென்னைக்கு அனுப்பலாம் என்றபோது, கடல் தாண்டிப் போன மகன் ஒருத்தன் போதும், அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று ஜைத்தூன் பீவி மறுத்துவிட்டார். கடலூர் வரை ஒத்துக்கொண்டார்.

யாருக்கும் சேரக்கூடிய ஓ நெகடிவ் இரத்தம் வேண்டும். அதுவும் அன்றைக்கு எடுத்ததாக. இரத்தம் கொடுப்பவர்களின் நோட்டைச் சார் வைத்திருந்தார். அதில் பெயர்கள் இல்லை. எண், வகை, கடைசியாகக் கொடுத்த நாள். ஓ நெகடிவ் இரண்டே பேர். "பத்தொன்பது பம்பாய்க்குப் போயாச்சு. ஏழு இருக்கு," என்றார்.

"ஏழாம் நம்பர் யார் சார்? ஆள் அனுப்பணுமே."

"நான்தான்," என்று சொல்லி நோட்டை மூடினார்.

தன் பெயரைக்கூட அவர் எழுதவில்லை.

குழந்தை வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறந்தது. ஆண். தொப்புள்கொடி இரத்தத்தை ஓடி வாங்கிக்கொண்டு வந்தேன். சுழலியைச் சுற்றும்போது எண்ணினேன்; எண்ணுவதில் எனக்குத் தைரியம் வரும். குழாயில் இரத்தம் மணல் மாதிரி திரண்டது. பாசிடிவ். தாயின் எதிர்ப்பு ஏற்கெனவே அதன் மேல் ஏறியிருந்தது.

சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அவர் விதிப்படி அவரிடமே கேட்டேன். "உங்க பேர் என்ன?"

"சின்னப்பன்."

"ஊர்?"

"கடலூர் முதுநகர். நம்பரையும் கேளு."

ஒரு பாட்டில் நிரம்பியது. மைமூனின் இரத்தத்தோடு அதைச் சேர்த்து ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். எழுதியதை அவரிடம் நீட்டினேன். படுத்தபடியே படித்துவிட்டு, கவிழ்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

டாக்டரம்மா குழந்தையின் தொப்புள் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தினார். இருபது மில்லி வெளியே. இருபது உள்ளே. நான் பலகையில் எழுதி உரக்கச் சொல்ல வேண்டும். "மூன்று, வெளியே இருபது. மூன்று, உள்ளே இருபது." குழந்தையைக் கதகதப்பாக வைக்க இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டில். நர்ஸ் நெஞ்சில் குழல் வைத்துத் துடிப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்பதாவது சுற்றில் துடிப்பு தடுமாறியது. டாக்டரம்மா கையை நிறுத்தினார். நிறுத்தியபடி நின்றார். நான் பலகையில் "9" என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு அடுத்து எழுத ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது. பிறகு நர்ஸ், "சரியாயிடுச்சும்மா," என்றாள். "பத்து," என்றார் டாக்டரம்மா. பத்து என்று எழுதினேன். வெளியே வரும்போது மணி ஒன்று.

வராந்தாவில் ஜைத்தூன் பீவி பக்கீரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஹனீபா பாய்.

"யாரு ரத்தம்மா?"

"சின்னப்பன்னு ஒருத்தரு," என்றார் பாய். "பேருதான் சின்னப்பன். மத்தபடி பெரிய ஆளு. அந்தாண்ட உக்காந்து ஆர்லிக்ஸ் குடிக்கறாரு பாருங்க."

சாயங்காலம் குழந்தை மஞ்சளாகவில்லை. மறுநாள் கொஞ்சம் மஞ்சள் தட்டியது, கூடவில்லை. மூன்றாம் நாள் குறைந்தது. அன்று மாலை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான். சிதம்பரம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அடுத்த ஸ்டேஷனான வல்லம்படுகையில் யாரோ எழுப்பினார்கள். எட்டு வருடத்தில் நான் ஊரைத் தவறவிட்டது அந்த ஒரு நாள்தான். வந்த வழியே திரும்பிப் போக வண்டிக்குக் காத்திருக்கும்போது, யாருமில்லாத பிளாட்பாரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

நாற்பது நாள் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தார்கள். அட்டையில் குழந்தையின் பெயர் எழுத வேண்டும். பாட்டி எடுத்து வைத்திருந்த பெயர் மிஸ்கீன் என்று பாய் காதில் போட்டிருந்தார். அதை எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்தேன்.

"பேரு?"

"சுல்தான்," என்றார் ஜைத்தூன் பீவி.

நான் நிமிர்ந்தேன். "பெரிய பேரா வச்சிட்டீங்களே. பயம் இல்லியா?"

"எதுக்குப் பயம்? அதான் இவ எல்லாத்தயும் வாய்விட்டு எண்ணிட்டாளே. எண்ணியும் இது நின்னுடுச்சு. இனிமே யார ஏமாத்த ஒளிச்சு வைக்கணும்? எழுதும்மா. சுல்தான் முகமது."

எழுதினேன். எத்தனாவது பிரசவம் என்ற இடத்தில் இரண்டை அடித்து ஐந்து என்று போட்டேன். சார் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். அடுத்த முறை அச்சுக்குப் போனபோது அட்டையின் அடியில் ஒரு புதிய வரி வந்தது. அவர் கையால் எழுதிக் கொடுத்தது: "கூட வந்த பிள்ளையின் பெயர். வைத்தது யார்? ஏன்?" அதற்கும் மேலே, முதல் வரியில், முன்னைவிடப் பெரிய எழுத்தில் எண். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ராஜேஸ்வரிக்கு நான் சொல்வது இதுதான். எண் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழாம் நம்பர் இல்லையென்றால் அந்தக் குழந்தை இல்லை. குழாயில் எண் மட்டும் இருக்கட்டும். அட்டையில் அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதே. உத்தரவில் இடமில்லை என்றால் பின்பக்கம் எழுது. பட்டியலை நம்பிவிடாதே, எழுதியவளுக்குத் தெரிந்த பெயர்கள்தான் அதில் இருக்கும். பெட்டிகள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

நான் விலகுவதற்கு முந்தின நாள் மைமூன் விடைபெற வந்தாள். இரண்டு பையன்களும் கூட. பக்கீருக்கு எட்டு வயது. சுல்தானுக்கு ஐந்து நடக்கிறது. ஓரிடத்தில் நிற்க மாட்டான். ஹனீபா பாய் அவர்களுக்குச் சீரக மிட்டாய் கொடுத்தார். சின்னவன் அண்ணனுடைய பங்கையும் பிடுங்கிக்கொண்டான்.

"நான் சுல்தான். ராஜா. நீ பக்கீரு. பிச்சக்காரன். எனக்குத்தான் எல்லாம்," என்றான்.

பக்கீர் அவன் தலையில் ஒன்று வைத்தான். "போடா டேய். நான் மொதல்ல பிச்ச எடுத்ததாலதான்டா நீ ராஜாவா வந்தே."